காரைமேட்டுப்பாளையத்தில் விளக்கை அணைப்பதில்லை

காரைமேட்டுப்பாளையத்துக்காரர்கள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், கோயில் தேரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் தொடங்கி நேற்றுப் பெய்தது மழையா தூறலா என்பதுவரை அவர்களுக்குள் தகராறு உண்டு, ஆனால் வயிறுகள் முதன்முதலாகக் கத்தியது அந்தக் காதுகுத்து விருந்தில்தான் என்பதை மட்டும் இன்றுவரை ஒருவரும் மறுத்ததில்லை. பொழுது சாய்ந்து மண்டபத்தில் விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள், காது குத்தப்பட்ட பிள்ளை அழுது ஓய்ந்து தாய்மாமன் மடியிலேயே தூங்கிவிட்டது, ஒரு காலத்தில் கிடா வெட்டி விருந்து வைத்த ஊர் இப்போது கம்பெனி பாக்கெட்டைப் பிரித்து, உள்ளே இருந்த கோழித் துண்டுகளை எண்ணெயில் போட்டு எடுத்து, இலைக்கு இலை அடுக்கிக்கொண்டிருந்தது. பந்தி பாதி நடக்கும்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் டீ குடிக்கப் போயிருந்தான். மண்டபம் இருண்டதுதான் தாமதம், கீச் கீச் கீச் என்று நாலா பக்கமும் கோழிக்குஞ்சுகள் கத்தத் தொடங்கின.

வேறு ஊராக இருந்தால் பேய் பிசாசு என்று பயந்திருப்பார்கள். இங்கே வீட்டுக்கு வீடு பிராய்லர் ஷெட் உண்டு. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும், இவர்கள் ஷெட்டையும் உழைப்பையும் கொடுப்பார்கள், நாற்பது நாள் போனதும் லாரி வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போய்விடும். அந்த நாற்பது நாளும் ஷெட்டில் ராப்பகலாக விளக்கு எரியவேண்டும், வெளிச்சம் இருந்தால்தான் அவை தின்றுகொண்டே இருக்கும், அணைந்தால் மிரண்டு கத்தும். கோழி கோழி என்கிறோமே தவிர அது குஞ்சுதான், உடம்புதான் ஊதிவிடுகிறது, குரல் முட்டையை விட்டு வந்த அன்றைக்கு இருந்த அதே குரல். ஆகவே அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பந்தியில் இருந்த ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கும் சாமி நினைப்போ பேய் நினைப்போ வரவில்லை. "ஷெட்டுல லைட் போயிருச்சாட்ட இருக்குது" என்று யாரோ ஒருவர் சொன்னார், அவ்வளவுதான், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரவர் ஷெட்டைப் பார்த்து ஓடினார்கள்.

மயில்சாமியும் ஓடினான். அவன் ஷெட் ஊரைத் தாண்டி ஓடைப் பள்ளத்து ஓரத்தில் இருந்தது. ஓட ஓடச் சத்தமும் கூடவே ஓடிவந்தது, வேகமாக ஓடினால் வேகமாகக் கத்தியது, மூச்சு வாங்க நின்றால் நின்ற இடத்தில் நின்று கத்தியது. ஷெட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அந்தப் பக்கத்துக்கு வேறு லைன். கோழிகள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. வெளிச்சத்துக்குள் அவன் காலை வைத்ததும் கத்தல் நின்றது. ஓர் எட்டு பின்னால் வைத்து இருட்டுக்குப் போனான், கீச் என்றது. முன்னால் வைத்தான், நின்றது. சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு வந்ததுதான் வந்தோம் என்று கோழிகளுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

மண்டபத்தில் அவன் மனைவி துளசிமணி, மகள் தன்யஸ்ரீயை மடியில் கிடத்தி அவள் வயிற்றில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது படிக்கிற பிள்ளை. பந்தியில் எத்தனையோ வயிறு கத்தினாலும் அந்தச் சின்ன வயிறுதான் ஓங்கிக் கத்தியது. துளசிமணியின் வயிறு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் கம்பெனியில் வேலைக்குப் போகிறவள், லாரியில் வந்து இறங்கும் கோழிகளை முக்கியெடுக்கும் வென்னீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கு வேலை, உயிரோடு வந்ததும் வழியிலேயே செத்து விறைத்ததும் ஒரே தொட்டியில் முங்கி ஒரே பெல்ட்டில் போவதைத் தினமும் பார்க்கிறவள், அதனால் அந்தக் கறியை அவள் வாயில் வைத்ததில்லை. பிள்ளைக்கோ வேறெதுவும் இறங்காது. சோற்றைப் பிசைந்து கொண்டுபோனால் தட்டைத் தள்ளிவிடும், கம்பெனி வேலையாட்களுக்கு வாராவாரம் பாக்கெட் கொடுத்தது, காலையிலிருந்து நின்றுவிட்டு வந்த கால்களோடு எண்ணெயைக் காயவைத்து அதைப் பொரித்துக் கொடுப்பதுதான் சுலபமாக இருந்தது. இதில் குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர்கள் ஒரே ஒரு நாள் அந்தத் தொட்டியருகில் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

மறுநாள் காலை பேக்கரி வாசலில் ஊரே கூடியது. வயிறு ஏன் கத்துகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, எப்படி நிறுத்துவது என்றுதான் கேட்டார்கள், அந்தக் கேள்விக்கு இந்த ஊரைவிட நன்றாகப் பதில் தெரிந்த ஊர் உலகத்தில் கிடையாது. கத்தினால் வெளிச்சம் போடு, வெளிச்சம் போட்டால் தின்னும், தின்றால் கத்தாது. அன்று முதல் காரைமேட்டுப்பாளையத்தில் விளக்கை அணைப்பதில்லை என்று ஆயிற்று. வீட்டுக்கு வீடு பேட்டரி வாங்கி வைத்தார்கள், இன்வெர்ட்டர் கடைக்காரர் மாடி மேல் மாடி எடுத்தார், சினிமாக் கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டே படம் ஓட்டினார்கள், திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பாட்டுக் கேட்டால் போதும் என்று ஜனங்கள் போய் உட்கார்ந்தார்கள், கர்ப்பக்கிரகத்துக்கு உள்ளே இரண்டு டியூப்லைட் மாட்டி அம்மனை முதன்முதலாக முழுசாகப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு இவ்வளவு சின்னதா என்று நினைத்துக்கொண்டார்கள், வெளியே சொல்லவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வெளிச்சத்தில் வெட்கப்பட்டுக் கொஞ்ச காலம் முதுகு காட்டிப் படுத்தார்கள், பிறகு வெட்கம் போயிற்று. முல்லைக் கொடிகள் பொழுது சாய்வதற்குக் காத்திருந்து காத்திருந்து மொட்டாகவே உதிர்ந்தன.

கொஞ்ச நாளில் அது பெருமையாகவும் ஆயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்து முடித்துவிட்டு ஒரு நிமிஷம் விளக்கை அமர்த்தச் சொல்வார்கள், பெண்ணின் வயிறு ஓங்கிக் கத்தினால் நன்றாகத் தின்று வளர்ந்த வீட்டுப் பெண் என்று அப்போதே பூ வைத்துவிட்டுப் போவார்கள். கத்தாத வயிற்றுக்காரர்களைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்கள். துளசிமணி தெருவில் போனால் பக்கத்து வீட்டுச் சாந்தாமணி, "அவளுக்கென்ன, அவ வயிறு பேசாத வயிறு" என்பாள், அதில் பொறாமை கொஞ்சம், ஏளனம் மீதி.

சேதி டவுனுக்குப் போயிற்று, அங்கிருந்து கோயம்புத்தூருக்கும் அதற்கு அப்பாலும் போயிற்று. அங்கெல்லாம் பாக்கெட் வாங்குகிறவர்கள் படித்தவர்கள், பயப்படுவதையும் முறையாகப் பயப்படுகிறவர்கள். தாய்மார்கள் பாக்கெட்டைக் குளியலறைக்கு எடுத்துப்போய் விளக்கை அணைத்துக் காதில் வைத்துக் கேட்டார்கள், பாக்கெட் எப்போதும் கத்தாது, வயிற்றுக்குள் போனால்தான் கத்தும், ஆகவே நிம்மதியாக வந்து பொரித்தார்கள். சிலர் கறியில் ஊசி போடுகிறார்களா, செத்ததைச் சேர்க்கிறார்களா, எத்தனை மாசத்துக் கறி என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். கம்பெனி எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் போட்டது. கடைசியில் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கறியைச் சாப்பிட்ட ஆட்களையே கொண்டுவந்து பெரிய ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்து, நல்ல வெளிச்சத்தில், மேலே அத்தனை விளக்கும் எரிய, வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார்கள். கத்தல் ஏதும் கண்டறியப்படவில்லை என்று அறிக்கை வந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தீர்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, இருட்டில் எப்படி ஐயா ஆய்வு செய்வது. அரைக் கிலோ வாங்கினால் ஒரு குட்டி விளக்கு இலவசம் என்று கம்பெனி அறிவித்ததும் பேச்சு அடங்கியது, விற்பனை ஏறியது.

தன்யஸ்ரீ தூங்குவதில்லை. ஊரில் யாருமே தூங்கவில்லைதான், பெரியவர்கள் உட்கார்ந்த இடத்தில் கண்ணை அரைவாசி மூடிக் கிறங்கிவிட்டு எழுந்து ஏதாவது எடுத்துத் தின்பார்கள், பிறகு மறுபடி கிறங்குவார்கள். பிள்ளைக்கு அந்த வித்தை பிடிபடவில்லை. சுவரில் சாய்ந்து விட்டத்து விளக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், கை பாட்டுக்குத் தட்டுக்குப் போய் வாய்க்கு வரும். உடம்பு நாளுக்கு நாள் ஊதியது. டீச்சர் நல்ல சத்தான பிள்ளை என்று முன் பெஞ்சில் உட்காரவைத்தாள். கால்கள் மட்டும் அந்தப் பாரத்துக்குத் தோதாக வளரவில்லை, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்து, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள்.

"கண்ண மூடுனாலும் வெளிச்சமாவே இருக்குதும்மா" என்றாள் ஒரு நாள். "தூங்கறது எப்பிடின்னே மறந்துபோச்சு."

துளசிமணி பிள்ளையின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. இவள் ஒரு பொழுதாவது தூங்கினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தாள், பிறகு அதைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

அந்த வாரம் கம்பெனி சூப்பர்வைசர் கிருபாகரன் ஷெட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், கோழிக்கு ஒன்று என்றால் எந்த நேரத்திலும் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தவர், பக்கத்தில் இருந்த தன்யஸ்ரீயைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, மேலும் கீழுமாக ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்குது மயில்சாமி" என்று சொல்லி இறக்கிவிட்டார். சொன்ன வார்த்தையை அவர் கவனிக்கவில்லை, மயில்சாமியும் சந்தோஷமாகத் தலையாட்டினான். துளசிமணி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க சார், புள்ள தூங்கவே மாட்டேங்கறா. கறிய நிறுத்தீரலாமான்னு பாக்கறேன்."

"நிறுத்தாதீங்கம்மா. நிறுத்துனா ஒரேடியா கத்தும். கம்பெனில புதுசா ஒரு பாக்கெட் போட்டிருக்கறாங்க, அதத் தின்னா பாதி நேரம் சத்தமே இருக்கறதில்லியாம். நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றார் கிருபாகரன், மனசாரத்தான் சொன்னார்.

துளசிமணி கொல்லைப்பக்கம் போனாள். அங்கே ஒரு நாட்டுக்கோழி குஞ்சு பொரித்திருந்தது, பருந்துக்குப் பயந்து பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். சாக்கைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். கும்மிருட்டு. தாய்க்கோழி சிறகை அகட்டிக்கொண்டு படுத்திருந்தது, குஞ்சுகள் அதற்கடியில் இருந்தன, ஒன்றும் மூச்சு விடவில்லை, தாய்தான் இடையிடையே கொக் கொக் என்று தொண்டைக்குள் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பெனிக் குஞ்சுகள் மிஷினில் பொரிந்தவை. அவற்றுக்குச் சிறகு என்றால் என்னவென்று யார் காட்டினார்கள், இருட்டில் பயப்படாமல் என்ன செய்யும். அதுகள் மேல் அவளுக்கு முதன்முதலாகப் பாவமாக இருந்தது.

மறுநாள் பொழுது இறங்கும் நேரத்தில், மயில்சாமி ஷெட்டுக்குப் போன பிறகு, அவள் கதவைத் தாழிட்டு, ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, வீட்டிலிருந்த அத்தனை விளக்கையும் அமர்த்தினாள். பிள்ளையின் வயிறு வீறிட்டது. துளசிமணி சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளை மடியில் போட்டு, முந்தானையை விரித்துத் தலையோடு காலாக மூடி, இரண்டு கைகளையும் அதன்மேல் கவிழ்த்துக்கொண்டு, கொக் கொக் என்று தொண்டைக்குள் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல வயிற்றுக்குள் கத்திய கூட்டத்தில் ஒன்று அடங்கியது, பிறகு ஒன்று அடங்கியது, எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி அவள் சத்தத்துக்குக் காது கொடுத்த மாதிரி இருந்தது. தன்யஸ்ரீயின் இமை கீழே இறங்கியது. வாய் லேசாகத் திறந்து மூச்சு சீராக வந்தது. துளசிமணிக்கு அழுகை வந்தது, அழுதால் சத்தம் பிசகிவிடும் என்று விழுங்கிக்கொண்டு கொக் கொக் என்றாள்.

ஆனால் முதலில் வீறிட்ட வீறிடல் தெருவுக்குக் கேட்டுவிட்டது. ஷெட்டில் ஒன்று கத்தினால் மற்றதெல்லாம் கத்துமே, அந்த மாதிரி தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வயிறுகள் கத்த ஆரம்பித்தன, இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு, இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கு. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள்.

"ஏ துளசி, லைட்டப் போடு புள்ள" என்றாள் சாந்தாமணி. "உன்ற வயிறு கத்தாது, எங்க பாடு உனக்கெங்க தெரியப்போவுது."

"சித்த நேரம் பொறுத்துக்கங்க. தூங்கறா."

பொறுக்கவில்லை. மயில்சாமி ஷெட்டிலிருந்து ஓடிவந்து தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே வந்து விளக்கைப் போட்டான். பிள்ளை திடுக்கிட்டு விழித்தாள், விழித்ததும் வயிறு கத்தாமல் அவளே கத்தினாள்.

"இருட்டுல போட்டா ஒன்னு மேல ஒன்னு ஏறி நசுங்கிச் செத்துரும் துளசி" என்றான் மயில்சாமி, அவனுக்கு மூச்சிரைத்தது. "எத்தன வாட்டி ஷெட்டுல நாம பாத்திருக்கறோம்."

"அது ஷெட்டு. இது நாம பெத்தது."

அவன் கெட்டவன் இல்லை, பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவன், அவனுக்குத் தெரிந்த வளர்ப்பு அது ஒன்றுதான்.

ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். இனி எந்த வீட்டிலும் விளக்கின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து வரிசையாக எல்லா வீட்டுச் சுவிட்சையும் தெருப்பக்கச் சுவரில் மாற்றி வைத்தார்கள், போகிற வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போவார்கள், யார் வீட்டிலாவது மேல்நோக்கி இருந்தால் தட்டிவிட்டுப் போவார்கள், நாளடைவில் அது வாசலில் கிடக்கும் செருப்பை ஒதுக்கிவிடுவது போல ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. கிருபாகரன் சொன்ன புதுப் பாக்கெட்டும் வந்து சேர்ந்தது. துளசிமணி கறியை நிறுத்திப் பார்த்தாள், தன்யஸ்ரீயின் வயிறு அன்று ஓயாமல் கத்தியது, வெளிச்சத்திலும் கத்தியது, தெரு முழுவதும் வாசலில் நின்று துளசிமணியைப் பார்த்தது. ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது ஒருத்தி எத்தனை நேரம்தான் தாக்குப்பிடிப்பாள். அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயைக் காயவைத்தது துளசிமணிதான்.

புதுப் பாக்கெட் சொன்னபடியே வேலை செய்தது. பிள்ளையின் வயிறு அடங்கியது, பிள்ளையும் அடங்கினாள், கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் தின்பாள். பள்ளிக்கூடம் நின்றது, கால் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவி ஓடிக்கொண்டிருந்தது, தட்டை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தவள் சடாரென்று மல்லாந்தாள். கால் ஒரு தடவை உதைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஷெட்டில் நன்றாக வந்த கோழிதான் அப்படிப் போகும், உடம்பு வளர்ந்த வேகத்துக்கு நெஞ்சு வளர்ந்திருக்காது. டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே மயில்சாமிக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையின் வாயிலிருந்து மெல்லாத துண்டை விரலால் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான்.

குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பொழுது இருக்கும்போதே பள்ளத்தை ஒட்டிய சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். குழியை மூடி மண்ணைக் கெட்டித்துக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது உள்ளேயிருந்து கத்தல் வந்தது. கீச் கீச் என்று, அத்தனை மண்ணையும் தாண்டி. குழி வெட்டியவர் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மயில்சாமியைப் பார்த்தார்.

"உள்ள இருட்டுங்கல்ல, அதான்" என்றார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை, வேலையைப் பார்த்தது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்தார்கள், கம்பம் நட்டுப் பல்பு மாட்டினார்கள், வெளிச்சம் மேலே விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை, கத்தல் நிற்கவில்லை. மயில்சாமிதான் யோசனை சொன்னான். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வெள்ளைப் பைப்பில் ஒரு நீளத்தை வெட்டி வந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராக, அவள்மேல் பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து மண்ணுக்குள் இறக்கி, பைப்பின் வாயில் பல்பைக் கவிழ்த்துக் கட்டினான். கத்தல் நின்றது. கட்டி முடித்துவிட்டுத்தான் அவன் அழுதான், அதுவரை கை வேலையாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பொழுதோடு அவன் சுடுகாட்டுக்குப் போய் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவான், பூச்சி அடைத்திருந்தால் துடைத்துவிடுவான். இனிமேல் பெரியவர்களையும் எரிக்காமல் புதைத்துப் பைப் வைப்பதென்று ஊரில் பேசி முடித்தார்கள். துளசிமணி கம்பெனிக்குப் போகவில்லை, சோறு பொங்கவில்லை, அணைக்க முடியாத விளக்குக்குக் கீழே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காரியத்தன்று உறவுக்காரர்கள் கூடி இலை போட்டு, பிள்ளைக்குப் பிடித்தது என்று கோழித் துண்டுகளைப் பொரித்துப் படைத்தார்கள். சாந்தாமணி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்:

"பைப்புத்தான் இருக்குதே மயில்சாமி. ரெண்டு துண்டு அது வழியா போட்டுட்டு வந்தீங்கன்னா புள்ள பசியில்லாம கெடக்கும்."

கேட்டவர்கள் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். ஒருவர் இலையிலிருந்து எடுத்துத் தாளில் மடிக்கவே தொடங்கிவிட்டார். துளசிமணி எழுந்தாள். யாரையும் பார்க்காமல், செருப்புப் போடாமல், தெருவில் இறங்கிப் பள்ளத்துப் பக்கம் நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஹோல்டரோடு பிடித்து இழுத்து அதைக் கழற்றித் தூர வீசினாள், பைப்பை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள், ஓட்டையைக் கையால் மண்ணள்ளி மூடினாள். கத்தல் எழுந்தது. ஊருக்குள் ஒவ்வொரு வீட்டிலும் அது கேட்டது, கேட்ட வயிறெல்லாம் கூடச் சேர்ந்து கத்தியது, ஜனங்கள் கூட்டமாக ஓடிவந்து தெருவிளக்கு எதுவரை இருந்ததோ அதுவரை வந்து நின்றார்கள், அதற்கு மேல் ஓர் எட்டு வைக்க ஒருவராலும் முடியவில்லை. துளசிமணி மேட்டின்மேல் குப்புறப் படுத்தாள். முந்தானையை அவிழ்த்து அகலமாக விரித்து மேட்டை மூடினாள், இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் அகட்டி வைத்துக்கொண்டாள், வாயை மண்ணில் வைத்து, கொக் கொக் என்று தொண்டைக்குள் சொல்லத் தொடங்கினாள்.

வெளிச்சத்தின் ஓரத்தில் நின்று ஊர் கூப்பிட்டது. வந்துவிடு என்றார்கள், பாவம் என்றார்கள், பைத்தியம் என்றார்கள், அவள் காதில் எதுவும் விழவில்லை. மயில்சாமி ஒருவனிடமிருந்து டார்ச்சை வாங்கித் தன் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினான். நடக்க நடக்க மண்ணுக்கடியிலிருந்து வந்த கத்தல் குறைந்துகொண்டே வந்தது, பாதி வழியில் நாலைந்து குரல்தான் மிச்சம், கம்பத்துக்கிட்டே வரும்போது ஒன்றே ஒன்று, அது கீச் என்று சொல்லிவிட்டு நெடுநேரம் காத்திருந்து இன்னொரு முறை மெதுவாகச் சொன்னது, பிறகு சொல்லவில்லை. துளசிமணியும் நிறுத்திவிட்டாள். அவன் டார்ச்சை அவள்மேல் அடித்தான். தலை, முதுகு, விரிந்து கிடந்த சேலை எல்லாம் மண்.

அவள் தலையைத் தூக்காமல் உதட்டில் விரலை வைத்தாள்.

"டார்ச்ச அமத்துங்க" என்றாள், காதோடு காதாகச் சொல்கிற குரலில். "இப்பத்தான் தூங்குனா."

மயில்சாமி டார்ச்சை அமர்த்தினான். இருட்டு வந்ததும் அவன் வயிறு கத்தத் தொடங்கியது. பிள்ளை விழித்துக்கொள்வாளே என்று பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினான், மூச்சு முட்டும்வரை இறுக்கினான். அப்போதும் கேட்டது. இன்னும் இறுக்கினான்.